முடிவின் சொற்களை எண்ணிப் படிக்கத் தெரியாமல் போன ஒன்பது மாதங்கள்: கிரிட்டிக்கல் ரீசனிங் அனுபவம்

மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் வரும் கிரிட்டிக்கல் ரீசனிங், அதாவது ஒரு சிறு பத்தியில் உள்ள வாதத்தை எடைபோடச் சொல்லும் கேள்விகள். ஒன்பது மாதம், வீணாய்ப்போன இரண்டு தேர்வுக் கட்டணம், நடுவில் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கட்டிய பணம், கைநழுவிப் போன ஒரு வருட விண்ணப்பம் என்று கூட்டிப் பார்த்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அதைவிட அதிகமாக வலித்தது, நாலு வரிப் பத்தியைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை உடைந்துபோனதுதான். பத்தி புரியும். ஐந்து ஆப்ஷனும் புரியும். மூன்றை அடித்துவிட்டு இரண்டில் ஒன்று என்ற இடம்வரை வந்துவிடுவேன், அங்கே தவறானதைத் தொடுவேன். விளக்கத்தைப் படித்தால் 'அட, ஆமாம்' என்று தோன்றும். அடுத்த கேள்வியில் மறுபடியும் அதே கதை. அந்த 'அட, ஆமாம்'தான் மாதக்கணக்கில் என் நேரத்தைத் தின்றது. ஆரம்பத்திலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு மாதத்தில் தீர்ந்திருக்கும் விஷயம் இது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கேள்விகளுக்கு இப்போது இருக்கும் எடை தெரிந்திருக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த ஜிமேட்டின் புதிய வடிவத்தில் சென்டென்ஸ் கரெக்‌ஷன் (வாக்கியத் திருத்தம்) அடியோடு போய்விட்டது. வெர்பலில் மிச்சம் இருப்பது ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டுமே. மொத்தம் 23 கேள்வி, 45 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 117 விநாடி. சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னும் அதிகம்: 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் (தருக்கப் புதிர்கள்) பகுதி நீக்கப்பட்டு, மதிப்பெண்ணில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங்காகவே ஆகிவிட்டது. மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் தனித் தலைப்பாக இல்லாவிட்டாலும் ரீடிங் பகுதிக்குள் ஒரு சிறு பத்தியும் ஒரு கேள்வியுமாக இதே சரக்கு வரும். பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: சில ஆதாரங்கள், அவற்றை வைத்து ஒரு முடிவு, இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட ஒரு இடைவெளி.

நான் செய்த முதல் தப்பு, பத்தியைச் செய்தி படிப்பதுபோலப் படித்தது. செய்தியில் விஷயம் என்ன என்று தெரிந்தால் போதும். இங்கே விஷயம் வெறும் சட்டை. கீழே உள்ளதைப் பாருங்கள், பயிற்சிக்காக நானே அமைத்தது.

'ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணியாளர்களுக்குப் புதிய பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. அடுத்த ஆறு மாதங்களில் இரவுப் பணியில் பதிவான விபத்துகள், அதற்கு முந்தைய ஆறு மாதங்களோடு ஒப்பிட்டால், 30 சதவீதம் குறைந்தன. ஆகவே இந்தப் பயிற்சி இரவுப் பணியை மேலும் பாதுகாப்பானதாக்கியிருக்கிறது.' கேள்வி: பின்வருவனவற்றில் எது, உண்மையானால், இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்? ஆப்ஷன்கள்: ஒன்று, பயிற்சி தேவைக்கு மேல் நீளமாக இருந்ததாகப் பலர் குறைகூறினர். இரண்டு, பயிற்சிக்குப் பின் இரவுப் பணியின் மொத்தப் பணிநேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. மூன்று, அதே துறையின் மற்ற தொழிற்சாலைகளில் இரவு விபத்துகள் இதைவிடக் குறைவு. நான்கு, பயிற்சி பெற்றவர்களில் சிலர் அதன்பின்னும் விபத்தில் சிக்கினர். ஐந்து, பயிற்சிக்கு ஆன செலவு, குறைந்த விபத்துகளால் மிச்சமானதைவிட அதிகம்.

'பயிற்சி கொடுத்தார்கள், விபத்து குறைந்தது, நல்ல பயிற்சி' என்று மனதில் போட்டுக்கொண்டு ஆப்ஷன்களுக்கு வந்தால் நான்காவதும் ஐந்தாவதும் பளிச்சென்று கவர்ச்சியாகத் தெரியும். இரண்டுமே பயிற்சியைக் குறை சொல்கின்றன அல்லவா? முடிவைச் சொல்லுக்குச் சொல் பாருங்கள். 'நல்ல பயிற்சி' என்று அது எங்கும் சொல்லவில்லை. 'மேலும் பாதுகாப்பானதாக்கியிருக்கிறது' என்கிறது. முன்பு இருந்ததைவிட மேல், அதுவும் இந்தப் பயிற்சியினால். செலவு இதில் எங்கே வந்தது? ஐந்தாவது, வாதம் தொடாத ஒரு முடிவை, அதாவது 'பயிற்சி லாபகரமானது' என்பதை, உடைக்கிறது. நான்காவது இன்னும் நயமான பொறி: விபத்து 30 சதவீதம் குறைந்தது என்றாலே மீதி 70 சதவீதம் நடந்தது என்று ஆதாரமே ஒப்புக்கொண்டாயிற்று. ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத் திரும்பச் சொன்னால் வாதம் அசையாது. மூன்றாவது பிற இடங்களோடு ஒப்பிடுகிறது. முடிவோ இந்தப் பணியின் முன்பையும் பின்பையும் ஒப்பிடுகிறது. மிச்சம் இரண்டாவது. முன்பு ஒரு லட்சம் மணிநேரத்துக்கு 100 விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஐம்பதாயிரம் மணிநேரத்துக்கு 70. மணிநேரக் கணக்கில் பார்த்தால் ஆபத்து 1.4 மடங்கு ஏறியிருக்கிறது. முடிவு அப்படியே தலைகுப்புற விழுகிறது.

இந்த ஒரு பத்தியில் மட்டும் நாலு இடைவெளி இருக்கிறது: 'பதிவான' விபத்து என்பது 'நடந்த' விபத்தாகிவிட்டது, எண்ணிக்கை என்பது விகிதமாகிவிட்டது, 'பிறகு' என்பது 'அதனால்' ஆகிவிட்டது, ஆறு மாதத்தை ஆறு மாதத்தோடு ஒப்பிடும்போது பருவம் மாறியிருக்கலாம் என்பது மறைந்துவிட்டது. ஆதாரத்தில் இருக்கும் சொல்லுக்கும் முடிவில் இருக்கும் சொல்லுக்கும் நடுவே எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதுதான் மொத்த வேலையும். ஒன்பது மாதம் கழித்து எனக்குப் பிடிபட்டது இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதன் கிளைகள்.

ஆனால் முடிவை உரசிப் பார்க்க, முதலில் முடிவு எது என்று தெரிய வேண்டும். இதில்தான் தமிழில் யோசிக்கிறவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது, எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நம் வாக்கியத்தில் காரணம் முன்னால் வரும், சொல்ல வந்தது கடைசியில் வினைமுற்றோடு வந்து நிற்கும். அதனால் கடைசி வாக்கியம்தான் முடிவு என்று நம் காது பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் முடிவை முதலிலேயே போட்டுவிட்டு, பின்னால் காரணத்தை இழுத்துக்கொண்டு வருவது சர்வசாதாரணம். 'சின்ஸ்' என்பது காலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். ஒரு காற்புள்ளிக்குப் பின் வரும் 'ஃபார்' என்பது பல நேரம் 'ஏனென்றால்' என்று பொருள்படும். அதை 'காக, கு' என்று படித்துக் கடந்துபோனால் காரணமே முடிவாகத் தெரியும். 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்' மாதிரி அடையாளச் சொல் இருந்தால் நல்லது, ஆனால் கடினமான கேள்விகளில் அவை இருக்காது, அல்லது இறுதி முடிவைத் தாங்க நடுவில் வரும் இடைமுடிவின் தலையில் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு நம் மொழியே ஒரு கருவி தருகிறது. சந்தேகமான இரண்டு வாக்கியங்களை எடுத்து நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் பாருங்கள். பிறகு இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த வரிசை காதுக்கு இயல்பாக இருக்கிறதோ அதில் முன்னால் இருப்பதுதான் முடிவு. உதாரணமாக: 'நூலகத்தின் இரண்டாம் தளத்தைப் படிப்பறையாக மாற்ற வேண்டும். மின்நூல் எடுப்பவர்கள் மூன்று ஆண்டில் மூன்று மடங்காகிவிட்டார்கள், ஆகவே அச்சு நூல்களுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.' 'ஆகவே' உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து 'இடம் தேவையில்லை' என்பதே முடிவு என்று குறித்துக்கொண்டால் தொலைந்தோம். 'இடம் தேவையில்லை, ஏனென்றால் தளத்தை மாற்ற வேண்டும்' என்பது ஒட்டவில்லை. 'தளத்தை மாற்ற வேண்டும், ஏனென்றால் இடம் தேவையில்லை' என்பது ஒட்டுகிறது. ஆக முதல் வாக்கியம்தான் இறுதி முடிவு, 'இடம் தேவையில்லை' என்பது இடைமுடிவு. அதைத் தாங்குவது மின்நூல் எண்ணிக்கை. இப்போது இடைவெளியும் தன்னாலே தெரியும்: மின்நூல் ஏறியது என்றால் அச்சு நூல் இறங்கியது என்று யார் சொன்னது? இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கலாமே. இரண்டு வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டு 'இவை வாதத்தில் என்ன பங்கு வகிக்கின்றன' என்று கேட்கும் வகைக்கு இந்த ஒரு பழக்கமே முக்கால் வேலையை முடித்துவிடும்.

பழைய தருக்க உதாரணத்தில் மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், என்பார்கள். புகையை 'ஏது' என்பார்கள். எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போய், பயிற்சித்தாளில் ஆதாரத்துக்குப் பக்கத்தில் 'ஏ' என்றும் முடிவுக்குப் பக்கத்தில் 'மு' என்றும் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். எந்த எழுத்தாவது இருக்கட்டும், கை அதைக் குறிக்க வேண்டும். மனதில் குறித்தேன் என்பது குறிக்காததற்குச் சமம்.

இன்னொன்று, 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள்' என்று தொடங்கும் பத்தி. அது பெரும்பாலும் எதிராளியின் முடிவு. அடுத்து வரும் 'ஆனால்'-க்குப் பிறகுதான் எழுதியவரின் முடிவு. பலவீனப்படுத்தச் சொன்னால் எதிராளியைத் தாக்கிவிட்டு மகிழ்ச்சியாக நகர்ந்த கேள்விகள் என் முதல் தேர்வுக்கான பயிற்சியில் ஏராளம்.

முடிவு கிடைத்த பிறகு அதன் அளவுச்சொற்கள். 'கூடும்' என்று முடிகிற வாதத்தை உடைப்பது கடினம், 'நிச்சயம்' என்று முடிவதை உடைக்க ஒரு விதிவிலக்கு போதும். ஆங்கிலத் தேர்வில் 'சம்' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். 'மோஸ்ட்' என்றால் பாதிக்கு மேல். நூலக உறுப்பினர்களில் பெரும்பாலானோர் மின்நூல் எடுக்கிறார்கள், பெரும்பாலானோர் அச்சு நூல் எடுக்கிறார்கள் என்று பத்தி சொன்னால், 'பெரும்பாலானோர் இரண்டையும் எடுக்கிறார்கள்' என்ற ஆப்ஷன் தவறு. நூறு பேரில் 51 பேரும் 51 பேரும் என்றால் இரண்டு பேர் மட்டுமே கட்டாயமாக இரண்டிலும் விழுவார்கள். 'ஒருவராவது இரண்டையும் எடுக்கிறார்' என்பதுதான் கட்டாய உண்மை. 'சிலர்', 'சிலர்' என்று இரண்டு வாக்கியம் வந்தால் அதிலிருந்து எதையுமே சேர்த்துச் சொல்ல முடியாது. 'அன்லெஸ்' என்பதை நம் 'ஆலொழிய' என்று மாற்றிப் படித்தால் குழப்பம் தீரும்: நீர் ஊற்றினாலொழிய விதை முளைக்காது. முளைத்திருந்தால் நீர் ஊற்றியிருக்கிறார்கள், அது உறுதி. ஊற்றினால் முளைத்தே தீரும் என்று அது சொல்லவில்லை. எல்சாட்டில் இந்த ஒரு புள்ளியில் மட்டும் கேள்வி கேள்வியாக வரும்.

அடுத்தது அசம்ப்ஷன் கேள்விகள் (வாதம் சொல்லாமலே எடுத்துக்கொண்டதைக் கேட்பவை), என்னை அதிகம் அழவைத்த இடம். வாதத்துக்கு உதவுகிற எதையும் அசம்ப்ஷன் என்று நினைத்திருந்தேன். கேட்பது அதுவல்ல, அது இல்லாவிட்டால் வாதம் நிற்கவே நிற்காது என்கிற ஒன்றைத்தான் கேட்கிறார்கள். சோதிக்கும் முறை எளிது: ஆப்ஷனை மறுத்துச் சொல்லுங்கள், மறுத்ததும் முடிவு சரிந்தால் அதுதான் விடை. தொழிற்சாலை வாதத்துக்கே வருவோம். 'பயிற்சிக்குப் பின் விபத்துகளைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் கணிசமாகக் குறைந்துவிடவில்லை.' மறுத்தால்: எழுதும் வழக்கம் கணிசமாகக் குறைந்துவிட்டது. போச்சு, 30 சதவீதக் குறைவுக்கு மதிப்பே இல்லை. இது அசம்ப்ஷன். இன்னொன்று: 'பயிற்சி பெற்ற எல்லோரும் எல்லா விதிகளையும் முழுமையாகப் பின்பற்றினர்.' இது உண்மையானால் வாதத்துக்கு நல்லதுதான். மறுத்தால்? இங்கேதான் தவறு நடக்கும். 'எல்லோரும்' என்பதன் மறுப்பு 'ஒருவரும் இல்லை' அல்ல. 'எல்லோரும் அப்படி இல்லை, ஒருவராவது தவறினார்' என்பதே. ஒருவர் ஒரு விதியைத் தவறவிட்டார் என்பதால் பயிற்சி பயனற்றதாகிவிடாது. முடிவு அசையவில்லை, ஆகவே அடித்துவிட வேண்டியதுதான். இப்படியே 'சிலர்' என்பதன் மறுப்பு 'ஒருவரும் இல்லை', 'பெரும்பாலானோர்' என்பதன் மறுப்பு 'பாதி அல்லது அதற்குக் குறைவு'. மறுப்பை மிகையாகச் செய்தால் எல்லா ஆப்ஷனும் அசம்ப்ஷனாகத் தெரியும். இரண்டு மாதம் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

எல்சாட் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இன்னொரு வகை உண்டு: 'பின்வருவனவற்றில் எதை ஏற்றுக்கொண்டால் முடிவு சரியாகப் பின்தொடரும்?' இது தேவையானதைக் கேட்கவில்லை, போதுமானதைக் கேட்கிறது. மறுப்புச் சோதனையை இங்கே கொண்டுவந்தால் விடையையே அடித்துவிடுவீர்கள். இங்கே வலுவான, 'எல்லா', 'எப்போதும்' என்று அகன்று நிற்கும் ஆப்ஷன்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும். முந்தைய வகையில் அதே அகலம்தான் குற்றம். கேள்வி வரியில் 'தேவை' என்ற பொருள் இருக்கிறதா, 'ஏற்றுக்கொண்டால்' என்ற பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி வரியை முதலில் படிக்கச் சொல்வதும் இதற்குத்தான். அது இரண்டே விஷயத்தைச் சொன்னால் போதும்: உண்மை பத்தியிலிருந்து ஆப்ஷனுக்குப் பாய்கிறதா, ஆப்ஷனிலிருந்து பத்திக்கா, கேட்பது பலப்படுத்தவா பலவீனப்படுத்தவா. வீக்கன் (பலவீனப்படுத்து), ஸ்ட்ரெங்தன் (பலப்படுத்து), முரணை விளக்கு என்கிற வகைகளில் 'உண்மையானால்' என்று ஒரு சொல் இருக்கும். அதாவது ஆப்ஷன்களை உண்மை என்று ஏற்றாயிற்று, அவை பத்தியை என்ன செய்கின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும். 'பாதியாகக் குறைத்தார்களா, அப்படி நடக்குமா?' என்று ஆப்ஷனோடு சண்டை போட்டு நான் வீணாக்கிய விநாடிகளுக்குக் கணக்கே இல்லை. இன்ஃபரன்ஸ் (பத்தியிலிருந்து ஊகித்தறி) வகையில் எதிர்த் திசை: பத்தியை உண்மை என்று ஏற்று, எந்த ஆப்ஷன் அதிலிருந்து தப்பாமல் வருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே சுவாரசியமான ஆப்ஷன் எல்லாம் பொறி. சாரமே இல்லாமல், பத்தியையே வேறு வார்த்தையில் சொன்னதுபோல் தோன்றுவதுதான் பல முறை விடை. 'எக்ஸெப்ட்' ('தவிர') என்று முடிந்தால் இன்னும் கவனம்: நான்கு ஆப்ஷன் பலவீனப்படுத்தும், ஐந்தாவது பலப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை, சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் அதுதான் விடை.

இடைவெளிகள் எண்ணற்றவை போலத் தெரிந்தாலும் சில குடும்பங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதில் தலைமகன் காரணவாதம்: இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது, ஆகவே ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது. இதைப் பார்த்த உடனே மூன்று கேள்வி தானாக வர வேண்டும். தலைகீழாக இருக்குமா? மூன்றாவதாக ஒன்று இரண்டையும் உண்டாக்கியிருக்குமா? அளந்த விதமே மாறியிருக்குமா? உடற்பயிற்சி செய்பவர்களுக்கு நோய் குறைவு என்றால், நோய் உள்ளவர்களால் பயிற்சி செய்ய முடியவில்லை என்பது தலைகீழ். வசதியும் ஓய்வும் உள்ளவர்களுக்கு இரண்டுமே கிடைக்கிறது என்பது மூன்றாவது. பலப்படுத்தச் சொன்னால் இதே மூன்றில் ஒன்றை 'அப்படி இல்லை' என்று மூடுகிற ஆப்ஷனைத் தேடுங்கள். புதிய சான்று கொண்டுவருவதைவிட, ஒரு ஓட்டையை அடைக்கும் ஆப்ஷன் விடையாக இருப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அடுத்தது எண்ணும் சதவீதமும். சந்தையில் ஒரு நிறுவனத்தின் பங்கு 20 சதவீதத்திலிருந்து 25 ஆனது, ஆகவே அது முன்பைவிட அதிகம் விற்கிறது என்பார்கள். மொத்தச் சந்தை 1,000-லிருந்து 700 ஆகச் சுருங்கியிருந்தால் 200 விற்ற இடத்தில் இப்போது 175 தான். சதவீதத்தைக் கண்டால் எதன் சதவீதம் என்று கேளுங்கள், அவ்வளவுதான். திட்டம் பற்றிய கேள்வியில் இலக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: செலவைக் குறைக்கத் திட்டம் என்றால், ஊழியர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அது செலவைத் தொடும்வரை பொருட்டே இல்லை. கருத்துக்கணிப்பு என்றால் யாரிடம் கேட்டார்கள். ஒப்புமை என்றால் எந்த வேறுபாடு முடிவைப் பாதிக்கும்.

'இதை மதிப்பிட எதைத் தெரிந்துகொள்வது உதவும்' என்ற வகைக்கு, ஆப்ஷன் ஒரு கேள்வியாக இருக்கும். அதற்கு 'ஆம்' என்றால் என்ன, 'இல்லை' என்றால் என்ன என்று இரண்டு முனையிலும் நிறுத்திப் பாருங்கள். ஒரு முனையில் முடிவு பலப்பட்டு மறு முனையில் சாய்ந்தால் அதுதான். இரண்டு பதிலுக்கும் முடிவு அசையாமல் இருந்தால் அடியுங்கள். முரணை விளக்கும் வகையில் இரண்டு உண்மையும் உயிரோடு இருக்க வேண்டும். மின்நூல் மூன்று மடங்கானது, அச்சு நூல் எடுப்பதும் ஏறியது என்றால், மின்நூல் எளிதில் கிடைக்கிறது என்பது பாதியைத்தான் விளக்கும். மின்நூலில் ஓர் எழுத்தாளரை அறிந்தவர்கள், மின்வடிவில் கிடைக்காத அவருடைய மற்ற நூல்களை அச்சில் தேடி வருகிறார்கள் என்பது இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டும்.

இதையெல்லாம் கற்ற பிறகும் இரண்டாவது தேர்வில் விழுந்தேன், வேறு காரணத்தால். ஒவ்வொரு பத்திக்கும் வரைபடம், குறியீடு, ஐந்து ஆப்ஷனுக்கும் மறுப்புச் சோதனை என்று உட்கார்ந்தால் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் ஆனது. கடைசிக் கேள்விகளுக்குப் படிக்காமலே கை வைக்க வேண்டியதாயிற்று. ஜிமேட்டில் கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண்ணில் தண்டனை உண்டு என்பதால் எதையாவது தொட்டே ஆகவேண்டும். அன்று திரையில் எண்ணைப் பார்த்தபோது வந்த வெறுமையை இப்போதும் மறக்க முடியவில்லை. முறை சரி, அளவு தப்பு. இப்போது நான் பின்பற்றுவது: கேள்வி வரிக்கு 10 விநாடி, பத்திக்கு 35 முதல் 40, கண்ணை மூடி முடிவையும் இடைவெளியையும் தமிழிலேயே ஒரு வரியில் சொல்லிக்கொள்ள 10, மீதி ஆப்ஷன்களுக்கு. மறுப்புச் சோதனை கடைசியில் மிஞ்சும் இரண்டுக்கு மட்டும். 8 கேள்வி முடியும்போது ஏறத்தாழ 29 நிமிடமும், 16 முடியும்போது 14 நிமிடமும் கையில் இருக்க வேண்டும். இரண்டரை நிமிடம் தாண்டினால் ஒன்றைத் தேர்ந்து, புக்மார்க் போட்டுவிட்டு நகருங்கள். பகுதி முடிவில் நேரம் இருந்தால் மூன்று விடைகள்வரை மாற்ற அனுமதி உண்டு.

பயிற்சி முறையில் நான் மாற்றியது இரண்டு. ஒரு நாளுக்கு 40 கேள்வி போட்டதை 8 ஆகக் குறைத்தேன். அதிகாரபூர்வக் கேள்விகளை மட்டும் எடுத்தேன். போலியாக எழுதப்பட்ட கேள்விகளில் இரண்டு ஆப்ஷனுக்கும் நியாயம் சொல்லிவிட முடியும். அவற்றில் பழகினால், நுணுக்கமாக வாதாடி ஜெயிக்கும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். தவறிய ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நாலு வரி: முடிவு என் சொற்களில், இடைவெளி என் சொற்களில், சரியான ஆப்ஷன் அந்த இடைவெளியை என்ன செய்கிறது, நான் தொட்ட ஆப்ஷனை எந்த ஒரு சொல் கெடுக்கிறது. நாலாவது வரிதான் உயிர். 'கவனக்குறைவு' என்று எழுதக்கூடாது, அது எதையும் சொல்லாது. 'முடிவு பணிநேர ஆபத்தைப் பற்றி, நான் எடுத்தது செலவைப் பற்றி' என்று எழுத வேண்டும். சரியாகப் போட்டாலும் காரணம் தவறாக இருந்தால் அதையும் எழுதுங்கள். 60 கேள்வி சேர்ந்தபோது என் நோட்டைப் புரட்டினேன்: பாதிக்கு மேல் ஒரே நோய், முடிவில் இருந்த ஒரு அடைமொழியை விழுங்கிவிட்டிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து அதே கேள்விகளை, விடை மறந்த பிறகு, மறுபடி போட்டேன். ஜிமேட்டில் ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும். தோற்ற கோபத்தில் அந்தக் குறைந்தபட்ச நாளிலேயே பதிவு செய்துவிடாதீர்கள், நோட்டில் ஒரே நோய் திரும்பத் திரும்ப வருவது நின்ற பிறகு செய்யுங்கள்.

தேர்வறையில் இரண்டு ஆப்ஷன் மிஞ்சி, கண் அவற்றுக்கு நடுவே ஊசலாட ஆரம்பித்தால், ஆப்ஷன்களை மூன்றாம் முறை படிக்காதீர்கள். மேலே போய் முடிவை மட்டும் படியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: இது உண்மையானால் முடிவில் எந்தச் சொல் ஆடுகிறது? விரலை வைத்துக் காட்ட முடியாத ஆப்ஷனை விட்டுவிடுங்கள். மூன்றாவது முறை எழுதியபோது இரண்டு ஆப்ஷன் மிஞ்சிய ஒவ்வொரு கேள்விக்கும் இதைச் செய்தேன். சராசரியாக இருபது விநாடி ஆனது.